நான்கு விநாடி

இரண்டு நாற்பதுக்கு ஆவுடைநாயகம் பேசினார்.
வண்ணாரப்பேட்டைக் கிளை, மூன்றாவது டெர்மினலில் நான்.
"எல்லாத்தையும் தள்ளிரும்மா.
எம்பேர்ல உள்ளது, வீட்டுக்காரி பேர்ல உள்ளது.
ஒண்ணுகூட நாளைக்கு நிக்கக் கூடாது."

பொருநை பிளேட்ஸ்.
காற்றாலைக்கு இறக்கை செய்கிற கம்பெனி.
பன்னிரண்டாயிரத்து நானூறு பங்கு,
விலை இருநூற்றுப் பதினாலு.

ஏன் என்று கேட்பது என் வேலை இல்லை.
கேட்கத் தேவையும் இல்லை.
போன மாதம் நடந்த அவர் வீட்டுப் பால்காய்ப்புப் பத்திரிகை
இன்னும் என் மேசையில்தான் கிடந்தது,
டீத் தம்ளர் வைக்க.
தங்கள் நல்வரவை நாடும் மைத்துனர்
காந்திமதிநாதன், பி.காம்.,
கணக்கு மேலாளர், பொருநை பிளேட்ஸ்.
தம்ளர் வட்டத்துக்கு உள்ளே
ஒரு எழுத்தும் அழியாமல் இருந்தது.

ஐநூறு ஐநூறாக விற்க ஆரம்பித்தேன்.
நடுவில் இன்னொரு காரியமும் செய்தேன்.
என் கணக்கில் நாற்பது பங்கு கிடந்தது.
அதையும் தள்ளினேன்.
தும்மல் போடுகிற நேரம்கூட ஆகவில்லை.

திரையில் யாருக்கும் பெயர் கிடையாது.
எண்ணே எண்ணைத் தேடிப் பிடித்துக்கொள்ளும்.
என் நாற்பதை வாங்கியது
சூரத்தில் ஒருவரோ, சுரண்டையில் ஒருவரோ.

மூன்று மணிக்குக் கோயில்பிச்சை அண்ணன்.
பாபநாசம் ரூட்டில் இருபத்தெட்டு வருசம் கண்டக்டர்.
போன வாரம்தான் கிராஜுவிட்டி வந்தது.
"பொருநை ரெண்டு ரூவா எறங்கிக் கெடக்காமே தாயி,
ஆயிரம் வாங்கிரவா?"

வாங்கிக் கொடுத்தேன்.
விற்ற அதே விரலால்.

ஆறு மணிக்கு அறிவிப்பு வந்தது:
டென்மார்க்காரன் ஆர்டரை ரத்து செய்துவிட்டான்.
மறுநாள் ஒன்பதேகாலுக்கு நூற்று எழுபத்தொன்று.
விற்க நிற்பவர்கள் லட்சக்கணக்கில்,
வாங்குபவர் கட்டத்தில் பூஜ்யம்.
அதற்கு மறுநாளும் அப்படியே.
தொண்ணூற்றெட்டில் வந்துதான் மூச்சு விட்டது.

எனக்கு மிச்சம்
நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு ரூபாய்.
அதை வைத்து ஒன்றும் வாங்கவில்லை.
தனியாக எடுத்து வைக்கவும் இல்லை.
வீட்டு வாடகையோடு கலந்து போய்விட்டது.

அண்ணன் நேரில் வந்தார். சத்தம் போடவில்லை.
ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.
சுவர்க் காலண்டரில் அச்சடித்த வரியை,
'சந்தை அபாயங்களுக்கு உட்பட்டது' என்பதை,
எழுத்துக் கூட்டுகிறவர் மாதிரி மெதுவாக வாசித்தார்.
பிறகு சொன்னார்:
"அம்பைக்கு முன்னால செக்கிங் நின்னா
எதிர்ல வர்ற வண்டிக்காரன்
லைட்ட ரெண்டு தரம் போட்டுக் காட்டுவான் தாயி.
டிக்கெட் எடுக்காதவனுக்கெல்லாம்
மடமடன்னு கிழிச்சுக் குடுத்திருவோம்.
இதுலயும் எதிர்வண்டி உண்டும்போல.
நம்ம ரூட்லதான் ஓடல."
சொல்லிவிட்டுச் சிரித்தார்.
நானும் சிரித்தேன். டீ சொன்னேன்.
பத்திரிகையைத் திருப்பிப் போட்டு
அதன்மேல் அவருடைய தம்ளரை வைத்தேன்.

இரண்டு வருசம் கழித்து செபியிலிருந்து கடிதம்.
அன்றைய தேதி, ஆவுடைநாயகத்தின் அழைப்பு,
ஒலிப்பதிவு வேண்டும்.
என் நாற்பதைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

தேடி எடுக்கும்போது
மூன்று மணிப் பதிவும் ஓடிவிட்டது.
"ஆயிரம் வாங்கிரவா?"
அதற்குப் பிறகு நான்கு விநாடி யாரும் பேசவில்லை.
மின்விசிறி சுற்றுகிறது.
வெளியே பைபாசில் ஒரு பஸ் ஹாரன் அடித்துப் போகிறது.
யாரோ ஸ்பூனால் கலக்குகிறார்கள்.
நிறுத்தி, பின்னால் இழுத்து, மறுபடி கேட்டேன்.
நான்குதான்.
அப்புறம் என் குரல், நன்றாகத் தெளிவாக:
"சரிண்ணே."

அவர்கள் கேட்டது இரண்டு நாற்பதை மட்டும்.
அதை மட்டும் வெட்டி அனுப்பினேன்.